புது வண்டிக்கு ஒரு மேடு

வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனையோடு நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் நெடியும் கற்பூரப் புகையும் கலந்தால் என்ன மணம் வருமோ, அதுதான் என் ஐந்தாம் வகுப்பின் மணம். மற்ற எழுத்தாளர்களுக்கு மழை பெய்த மண், தாழம்பூ என்று கௌரவமான மணங்கள் வாய்த்திருக்கின்றன. எனக்கு வாய்த்தது ஒரு பிக்கப் வண்டியின் முன்பக்கம். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் அந்த வண்டியில் வேறு நிறைய இருந்தன. அவற்றுக்கும் எங்கள் குடும்பம் வெட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வந்து இறங்கும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து "பாஸ்" அல்லது "ரிஜெக்ட்" என்று முத்திரை குத்துவார். இந்த முத்திரை சாயங்காலம் சங்கு ஊதிய பிறகும் அவரை விட்டு இறங்காது. குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் ரசத்தை ரிஜெக்ட் செய்வார், என் மதிப்பெண் பட்டியலை ரிஜெக்ட் செய்வார், சொந்த ஊரான விருதுநகரிலிருந்து வரும் உறவினர்களைப் பாதிக்குப் பாதி ரிஜெக்ட் செய்வார். அம்மா பட்டாபிராமில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, சோறு வடிக்கும் மூங்கில் தட்டு. முகூர்த்த நாளில் அவற்றைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர்களை நம்பியிருந்தோம். முகூர்த்த நாளில்தான் அவர்களுக்கும் ஆயிரம் வேலை. ஆகவே சொந்தமாக ஒரு வண்டி, அம்மாவின் பெயரில், வாங்குவதென்று முடிவாயிற்று.

பழைய வண்டியாக வாங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் கஜேந்திரன்; அதே தெருவில் இன்னொரு வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அவருடைய டெம்போ என்னைவிட வயதில் மூத்தது, தகரத்தில் ஒட்டுப் போடாத இடம் அதில் கிடையாது. "புச்சா வந்த மாடலு சாரே, ஒருத்தனும் ஓட்டிப் பாக்கல. ஆறு மாசம் தாங்காது. என் வண்டியப் பாரு, கெழடுதான், ஆனா கூப்ட்டா வந்துகினே கீது" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டாங்கிக்கே பாஸ் போடறவன் நான். எனக்கு வண்டி பாக்கத் தெரியாதா?" என்று கேட்டு, மறுமாதமே அந்தப் புது மாடலை வாங்கி வந்தார். அதைச் செய்த கம்பெனி வடக்கே எங்கோ இருந்தது. பிறகு அது இல்லாமலே போயிற்று. அதற்கும் எங்கள் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல என் மனச்சாட்சி இடம் தரவில்லை.

பூஜை நாளன்று வண்டி கடைவாசல் வரை அழகாக வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பின்கதவில் அப்பாவே வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டு, அதனுள்ளே தொழிற்சாலை முத்திரை மாதிரியே "பாஸ்" என்று எழுதினார். எழுதிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். "க்ளிக்" என்றது. மறுபடியும் திருகினார். மறுபடியும் "க்ளிக்". தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த எலுமிச்சம்பழங்களின் மேல் எங்கள் வண்டி ஏறி இறங்கியது எஞ்சினின் பலத்தால் அல்ல, அம்மாவும் நானும் பின்னாலிருந்து கொடுத்த தோளின் பலத்தால். கஜேந்திரன் தன் கடைவாசலில் நின்று, "இன்னா சாரே, ஓட்றியா, தள்றியா?" என்றார். "புது வண்டி. கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார் அப்பா.

அந்த "டைட்" கடைசி வரை தளரவில்லை. ஓடத் தொடங்கினால் வண்டி நன்றாகத்தான் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டால் மட்டும் "செல்ஃப்" எடுக்காது. செல்ஃப் என்பது சாவியைத் திருகியதும் எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டார். கம்பெனிப் பட்டறையில், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். அப்பா அதை நான்கு முறை கழற்றிப் பாய்விரித்துப் பரப்பி, நான்கு முறையும் திருப்பி மாட்டினார். நான்காம் முறை ஒரு திருகாணி மிச்சமானது. ஆனாலும் அவர் வாயிலிருந்து ரிஜெக்ட் என்ற சொல் வரவில்லை. மாறாக வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: வெளியாளிடம் வண்டியைக் குறை சொல்லக் கூடாது, வெளியாள் கை வண்டியில் படக் கூடாது. தள்ளுவதானால் நாம் தள்ளுவோம்.

இதைவிட நல்ல வழி, சரிவில் நிறுத்துவது. மூக்குக் கீழ்நோக்கி நிறுத்தினால், பிரேக்கை விட்டதும் வண்டி தானாக உருளும், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கஷ்டம் என்னவென்றால் எங்கள் ஊர்கள் தோசைக்கல் மாதிரித் தட்டை. பள்ளிக்கூடத்தில் சமவெளி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நாங்களோ அந்தச் சமவெளியில் மேடு தேடி அலைந்தோம். ஆவடி ஏரிக்கரையில் ஒன்று. கரையான்சாவடி மண்டபத்தின் வாசலில், யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன மண்ணால் ஆன ஒன்று. எந்த ஊரில் கல்யாணம் என்றாலும், முதல் நாளே அப்பா சைக்கிளில் போய் மேடு பார்த்து வருவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்கள். மேடு இல்லாத இடத்தில் எஞ்சினை அணைக்காமலே விட்டுப் பாத்திரம் இறக்குவோம். ஏன் அணைக்கவில்லை என்று யாராவது கேட்டால், "புது வண்டி. ஓடிக்கிட்டே இருந்தா நல்லது" என்பார் அப்பா. நான் அதை நம்பினேன். செல்ஃப் சரியாகிவிட்டது, அதைக் களைப்படையச் செய்ய வேண்டாமென்றுதான் அப்பா எஞ்சினை ஓட விடுகிறார் என்று முழுமனதாக நம்பினேன். விளம்பரங்களை நம்பும் சுபாவம் எனக்கு அங்கிருந்து தொடங்கியதுதான்.

அந்த வருஷம் வைகாசியில், வெள்ளானூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. பந்தலும் நாற்காலியும் வழக்கம்போலக் கஜேந்திரனிடம். பாத்திரம் மட்டும் முதல்முறையாக அம்மாவிடம். நான்கு மணிக்குள் அண்டாக்கள் போய்ச் சேர்ந்தால்தான் சமையல்காரர் இரவு விருந்துக்கு அடுப்பு மூட்ட முடியும். சேராவிட்டால் அந்த வீட்டின் அடுத்த இரண்டு கல்யாணங்கள் மட்டுமல்ல, அந்த ஊரே அம்மாவின் கையை விட்டுப் போய்விடும். கஜேந்திரன் இதை நன்கு அறிந்தவர். நாற்காலிகளுக்கு நடுவே, எதற்கும் இருக்கட்டும் என்று, தன் கடை அண்டாக்கள் நான்கையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னாலேயே கிளம்பினார்.

பட்டாபிராம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முதல் வண்டி எங்களுடையது, அடுத்தது டெம்போ. அண்டா ஒன்று ஆடுகிறதென்று அப்பாவும் அம்மாவும் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் உள்ளே. அப்போது டெம்போவிலிருந்து குதித்து வந்து எங்கள் ஜன்னலில் முகவாயை வைத்தாள் செல்வி. கஜேந்திரனின் மகள், என் வகுப்பு.

"டேய், உங்க வண்டிய ஆஃப் பண்ணா மறுக்கா ஸ்டார்ட்டே ஆவாதாமே? எங்க நைனா சொல்லிச்சு."

"யாரு சொன்னது? எங்க வண்டி புது வண்டி."

"அப்ப ஆஃப் பண்ணிக் காட்டு பாப்போம்."

அந்தக் கால டீசல் வண்டியை அணைக்க ஒரு கறுப்புக் குமிழை இழுக்க வேண்டும். நான் இழுத்தேன். சந்தேகமே இல்லாமல் இழுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியோடு வேறெதையும் நான் செய்ததில்லை, திருமணம் உட்பட. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கியது. அந்த நேரம் பார்த்து ரயில் தடதடவென்று போக, சத்தத்தில் அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. கேட் திறந்தது. அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டி மௌனமாக இருப்பதைக் கவனித்தார்.

"யார்டா அணைச்சது?"

"நான்தான்ப்பா. ஸ்டார்ட் ஆகும்னு காட்டறதுக்கு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஊரில் தன்னை நம்பிய ஒரே ஆளைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார் அப்பா. பிறகு சாவியைத் திருகினார். "க்ளிக்."

பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கேட்காரர் கத்தினார்: "யோவ், அஞ்சு நிமிசந்தான் டைமு! அப்பால கேட்டு போட்டா முக்கா மணி நேரம் தொறக்க மாட்டேன்!" கஜேந்திரன் நிதானமாக இறங்கி வந்தார். "இன்னா சாரே, டாங்கி நின்னுபோச்சா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "யக்கா, ஓரங்கட்டிக்கோ. நான் போயி என் அண்டாவ எறக்கிக்கிறேன். கல்யாண ஊட்ல பாவம், இன்னா பண்ணுவாங்கோ."

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் சேறு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஓரம் எங்கண்ணே இருக்கு? எங்க வண்டி போனாத்தான் உங்க வண்டி போகும். இந்தத் தண்டவாள மேட்டுல ஏத்திட்டா அந்தப் பக்கம் தானா எறங்கிடும். வந்து கையை வைங்க."

"வெளியாள் கை..." என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"நீங்க கியரைப் பிடிங்க" என்றார் அம்மா. சட்டம் அத்தோடு ரத்தானது.

கஜேந்திரனுக்கு வேறு வழி இருக்கவில்லை. பின்கதவின் வெள்ளை வட்டத்தில் கன்னத்தை அழுத்தித் தோளைக் கொடுத்தார். அவருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நானும் செல்வியும், ஹாரன் அடித்துக் களைத்தவர்கள் நாலைந்து பேர். அண்டாக்கள் கணகணவென்று அடித்துக்கொள்ள, வண்டி அங்குலம் அங்குலமாக மேடேறி, தண்டவாளத்தைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் மூக்கை நீட்டியது. பிறகு உருண்டது. பிறகு ஓர் உறுமல். அதுவரை தேக்கிவைத்த கரும்புகை முழுவதையும் கஜேந்திரன் முகத்தில் விட்டுவிட்டு எங்கள் புது வண்டி ஓடியது. ஓடியது மட்டுமல்ல, நிற்கவே இல்லை. மறுபடி அணைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அப்பா எங்களை ஏற்றிக்கொள்ளாமலே வெள்ளானூருக்குப் போய்விட்டார்.

அம்மாவும் நானும் டெம்போவில் ஏறிக்கொண்டோம். கஜேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டார்:

"எங்க வண்டி எப்படி இழுக்குது பாத்தீங்களாண்ணே?"

கஜேந்திரன் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "யக்கா, டீசலே வாணாம். உன் வாய வெச்சே பத்து வண்டி ஓட்லாம்."

நாங்கள் போனபோது மணி மூன்றே முக்கால். அண்டாக்கள் இறங்கியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, "அது ரிஜெக்ட்தான்டா. வெளிய சொல்லாத" என்றார். வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் சொன்னார். இன்றுதான் நான் வெளியே சொல்கிறேன்.

அதன் பிறகு இருபத்தோரு வருஷம் அது ஓடியது. இருபத்தோரு வருஷமும் அதன் பெயர் "புது வண்டி"தான். நான் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், தலையில் முடி கொட்டத் தொடங்கிய பிறகும் புது வண்டிதான். வெள்ளானூர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அம்மாவின் அண்டாதான் போயிற்று. கூப்பிட்டால் வருகிற அந்த டெம்போ முதலில் போய்ச் சேர்ந்தது. அது ஓய்ந்த வருஷம் கஜேந்திரனின் நாற்காலிகளையும் எங்கள் வண்டிதான் சுமந்தது, மேட்டிலிருந்து மேட்டுக்கு. அந்தக் காலத்துப் பொருளெல்லாம் எப்படி உழைத்தது தெரியுமா என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது உழைக்கவில்லை ஐயா, நாங்கள் உழைத்தோம். கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து, ஓடாத வண்டி என்று எண்ணி, தன் லாரியில் ஏற்றுவதற்காக ஆட்களை விட்டுத் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள், ஸ்டார்ட் ஆகிவிட்டது. "இன்னா பெர்சு, ஓடுது?" என்று அவர் திகைக்க, "ஓடாம?" என்றார் அப்பா.

இன்று அப்பா இல்லை. பட்டாபிராம் கேட்டின் தலைக்கு மேல் பாலம் போய்விட்டது. ஏரிக்கரை மேட்டைப் பூங்காவாக்கி, வண்டிகள் வரக் கூடாதென்று சங்கிலி கட்டிவிட்டார்கள். கரையான்சாவடி மண்மேடு இருந்த இடத்தில் செல்போன் கடை. மண்டபங்களே பாத்திரம் வைத்துக்கொள்வதால் அம்மாவின் கடையும் இல்லை. அண்டா ஒன்றில் மட்டும் மொட்டைமாடியில் துளசி வளர்க்கிறார். அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் நான், பொத்தானைத் தொட்டால் உயிர் பெறும் கார் ஒன்று வைத்திருக்கிறேன். அதை யாரும் தள்ள வேண்டியதில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதவும் எதுவுமில்லை.

சென்ற வாரம் கார் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, வாங்கி மூன்று வருஷம் ஆகிறதே, பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று கேட்டார். ஏ.சி.யில் ஒரு முனகல் இருக்கிறது, பின்கதவு இரண்டாம் தடவைதான் சாத்துகிறது. "பத்து" என்றேன்.

"ஏதாவது கம்ப்ளெயின்ட் இருந்தா சொல்லலாம் சார், நாங்க ஃப்ரீயாவே பாத்துத் தருவோம்."

"வெளியாள்கிட்ட வண்டியக் குறை சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்லம்மா."

போனை வைப்பதற்குள் கீழேயிருந்து காவலாளி அழைத்துவிட்டார். அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இறங்கும் சரிவில் மறுபடியும் காரை நிறுத்தியிருக்கிறேனாம், மூன்றாம் முறையாகச் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வருமாம், எடுத்துவிடச் சொன்னார்.

எடுப்பதாக இல்லை. இந்தக் கட்டிடத்தில் இருப்பதே ஒரு மேடுதான். மூக்குக் கீழ்நோக்கி, நிற்கட்டும்.