நடக்காத கூட்டத்தின் கையெழுத்துகள்

கடன் சங்கத்தில் தீர்மான நோட்டு எழுதியவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்: நடந்த கூட்டத்தை யாரும் எழுதிவிடலாம், நடக்காத கூட்டத்தை எழுதத்தான் திறமை வேண்டும்.

சந்தையில் கூட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில், நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயிகளின் சேமிப்புக் கடன் சங்கத்தில் நான் எழுத்தர். இன்னும் நிரந்தரமாகவில்லை, வருகிற பொதுக்குழுவில் ஆக்குவதாகப் பேச்சு. தை மாதம் மல்லிகை விலை ஏறினால் இயக்குநர்கள் ஏழு பேரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். நானே தீர்மானங்களை எழுதி, நோட்டைச் சைக்கிளில் வைத்துப் பூச்சந்தைக்குக் கொண்டுபோவேன். மூட்டைமேல் வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருநாள் லேசாகத் தயங்கினேன். சங்கத் தலைவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "கூட்டம் எங்க நடந்தா என்னப்பு, கையெழுத்து வந்துருச்சுல்ல?"

பழனிக்குப் போனவர்

சங்கத்தின் கணக்கையும் நோட்டையும் சரிபார்க்கிற மேற்பார்வைக் குழுவுக்கு ஜெசிந்தா அக்கா பொறுப்பு. தையல் கடை வைத்திருந்தார். வருஷ முடிவில் நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் செத்த நேரம் நின்றார். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முந்தின தேதி. இயக்குநர் ராமசாமி கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்து.

"அன்னைக்கு அவரு பழனிக்கு நடந்து போனாரு தம்பி. என் கடை வாசல்ல நாந்தான் மோர் ஊத்துனேன்."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் அக்கா, இந்த ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் குரல் உயரவே இல்லை. "இதை விட்டா, மத்த பக்கத்தையெல்லாம் நான் எதுக்குப் பார்த்தேன்?"

முதல் பாரா

பொதுக்குழுவில் அந்தப் பக்கத்தைப் பற்றிய அறிக்கையை வாசிக்க அக்கா எழுந்தார். "அதே கூட்டத்துலதான உங்க தையல் மிஷின் கடனும் பாஸாச்சு, அதையும் வாசிங்கக்கா" என்றார் தலைவர். முன்வரிசை சிரித்தது.

அது முதல் பாராவிலேயே இருந்தது. நடக்காத கூட்டத்தில் தனக்குக் கிடைத்த கடன் செல்லாது என்று வாசித்துவிட்டு, இன்னும் மாற்றாத செக்கை மேசைமேல் வைத்தார்.

முன்வரிசையில் யாரோ, "எழுதுன எழுத்தரை அனுப்பிருவோம்" என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்புங்க. எழுதுனவன் ஒருத்தன், கையெழுத்துப் போட்டவுக ஏழு பேரு. எட்டுப் பேரையும் சேர்த்து அனுப்புங்க."

யாரையும் அனுப்பவில்லை. அக்காவுக்கு மிஷின் கடன் அடுத்து நிஜமாகவே நடந்த கூட்டத்தில் கிடைத்தது, எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆனது. பின்னாளில் தணிக்கை வேலைக்கு வெளிநாடு போய் எத்தனையோ அறிக்கைகளைப் பார்த்துவிட்டேன், எழுதியவர் தன்னிலிருந்து தொடங்கிய அறிக்கை ஒன்றுகூடக் கையில் படவில்லை, நான் எழுதியவற்றையும் சேர்த்து.