நாலாவது ஆள் மிசினா?

கசற் பதிவுக் கடை வைத்திருப்பவனுக்குப் பாட்டுக் கேட்க நல்ல காது வேண்டும் என்பார்கள். உண்மையில் பேச்சுக் கேட்கத்தான் நல்ல காது வேண்டும். கடை திறந்து, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

மிதித்தால்தான் பாட்டு

என் கடை யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து குருநகருக்குப் போகும் வழியில் இருந்தது. சண்டையால் கரண்ட் போய், பற்றரிக்கும் அரசாங்கத் தடை வந்த பிறகு, கடை நடுவில் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தினேன். பின்சில்லு சுற்ற டைனமோ சுற்றும். டைனமோ சுற்ற ரேப் ரெக்கோடர் பாடும். கேட்க வருகிறவரே ஏறி மிதிக்கவேண்டும் என்பது பொதுவான கடைச்சட்டம். வேகமாக மிதித்தால் பாட்டும் ஓடும், களைத்தால் இழுபடும்.

தெல்லிப்பழையிலிருந்து வந்த ஒரு பெரியவர் முருகன் பாட்டுக் கேட்டார். தொடக்கத்தில் உற்சாகமாக மிதித்தார். பாடகரின் குரல் பெண்குரல்போலக் கீச்சிட்டது. பாதியில் அவருக்கு மூச்சு வாங்க, குரல் இறங்கி இறங்கிக் காய்ச்சல்காரன் முனகுவதுபோல ஆகிவிட்டது. பெரியவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நான் கேட்டது ஒரு ஆள் பாடின பாட்டு. நீர் ரெண்டு பேரைக்கொண்டு பாடுவிச்சு என்னைப் பேய்க்காட்டிறீர்.”

பழைய நாலு பேர்

பொலிக்காப் அண்ணை குருநகர் ஆள். கடலுக்குப் போகாத நாட்களில் ட்ரம் அடித்தவர் என்று சொன்னால் கோபிப்பார். ட்ரம் அடிக்காத நாட்களில் கடலுக்குப் போனவர் என்று சொல்லவேண்டும். அவரும் மூன்று கூட்டாளிகளும் வைத்திருந்த பொப் கோஷ்டி கல்யாண வீடுகளில் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் பெரிய றொக் கோஷ்டி ஒன்றின் பாட்டுகளை, சொல் விளங்காவிட்டாலும் அச்சொட்டாக வாசிப்பார்கள். அந்த வெள்ளைக்காரர் நாலு பேரும் சண்டைபிடித்துப் பிரிந்து, போனவர்களின் இடத்தில் புது ஆட்களைப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, இவர்கள் தேவாலய வாசலில் நின்று சத்தியம் செய்தார்களாம்: நம்மில் ஒருவருடைய இடத்தில் வேறு ஆளை இருத்துவதில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒவ்வொருவராக ஜேர்மனிக்குப் போய்விட்டார்கள். பொலிக்காப் அண்ணையும் ட்ரம்மும் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒருநாள் அண்ணை ஒரு கசற்றோடு வந்தார். பேஸ் கிற்றார் வாசித்த, இப்போது ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்கிற றெஜி அனுப்பியது. கொழும்பால் வந்த உறவுக்காரி ஒருத்தி சேலைகளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கடிதம் இல்லை. மேலே றெஜியின் கையெழுத்தில் ‘பழைய நாலு பேர் – இயந்திர இசை’ என்று மட்டும் இருந்தது. அண்ணை சைக்கிளில் ஏறமாட்டேன் என்றார். கேட்கப் பயம் என்று எனக்குத் தெரிந்தது, ஆகவே நானே மிதித்தேன். தொழிற்சாலையில் இரும்பு இரும்பில் விழுகிற சத்தம், வாள் அறுக்கிற சத்தம், நடுவில் இரண்டு கிற்றார், சொல் இல்லாமல் இழுக்கிற ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றது. பாட்டு முடிந்ததென்று இறங்கினேன். அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. “மூண்டு பேரையும் எனக்குத் தெரியுது. நாலாவது ஆளா, என்ரை கதிரையிலை ஒரு மிசினையல்லோ இருத்தி வைச்சிருக்கிறாங்கள்.”

பங்கருக்குள் ஒரு விமர்சனம்

கசற்றைக் கடையிலேயே விட்டுப் போனார். எனக்கோ அவர் சொன்னதில் சந்தேகம். சத்தியம் செய்தவர்கள் இப்படிச் செய்வார்களா? அடுத்த நாள் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்கலாமென்று மிதித்தேன். வாள் அறுக்கும் இடம் வந்ததும் தெருவில் போனவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோரம் படுத்தார்கள். எதிர்க்கடையில் தைக்கிற அக்கா கத்தரிக்கோலும் கையுமாகப் பங்கருக்குள் இறங்கிவிட்டார்.

சத்தம் நின்ற இடத்தில் நானும் நிறுத்தினேன். வானத்தில் ஹெலியும் இல்லை, குண்டும் இல்லை என்று கண்டதும் அக்கா தலையில் மண்ணோடு மேலே வந்து, சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் நான் ஒருவன்தான் இருந்தேன். “தம்பி, மேலை இருந்து வாறது காணாதெண்டு, ஜேர்மனியிலை இருந்தும் எடுப்பிச்சு வைச்சிருக்கிறீரோ?”

உரும்பிராய் நிபுணர்

சிவலிங்கம் உரும்பிராயில் வெங்காயம் வைக்கிறவர். வெங்காயத்தைவிட அந்த இங்கிலாந்துக் கோஷ்டியைப் பற்றித்தான் அதிகம் கதைப்பார். கசற்றின் மேல் இருந்த ‘பழைய நாலு பேர்’ என்ற எழுத்தைக் கண்டதும் துள்ளி ஏறினார். தோட்டக்காரக் கால், பாட்டு நாய் துரத்தினதுபோல ஓடியது. சத்தம் நின்ற இடத்தில் அவரும் இறங்கி, இது பிரிந்துபோன வெள்ளைக்காரர் நாலு பேரும் இரகசியமாகச் சேர்ந்து அடித்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளைக்காரர் தமிழிலா பெயர் எழுதுவார்கள் என்று கேட்டேன். இரகசியம் என்றால் அப்படித்தானாம்.

பிறகு அவருடைய கற்பனை எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. நீள மயிர்க்காரன் தண்ணீர் இறைக்கிற மோட்டருக்குப் பக்கத்தில் கிற்றாரோடு, பாடுகிறவன் மிளகாய் மில்லுக்குள் தும்மித் தும்மி, பேஸ்காரன் இரும்பு ஒட்டுகிற பட்டறையில் நெருப்புப் பொறிக்கு நடுவில். மண்ணெண்ணெய் வாங்க அவர்களையும் வரிசையில் விட்டிருப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பொலிக்காப் அண்ணை வாசலில் வந்து நிற்க, அவர் யாரென்று தெரியாத சிவலிங்கம் அவருக்கும் கேட்கச் சொன்னார்: “ட்ரம்காரனைக் கவனிச்சனீரே? ஒரு பிசகு இல்லை. முந்தி அடிச்சதிலும் பார்க்க உது திறம்.”

அண்ணை ஏறினார்

சிவலிங்கம் போனதும் அண்ணை கசற்றை எடுத்தார். விரலை விட்டு நாடாவை முழம் முழமாக இழுத்தார். அறுத்துவிடப் போகிறார் என்று பாய்ந்து கிட்டப் போனேன். அது அறுந்தால் ஒரு பாட்டு மட்டும் போகாது, இத்தனை வருடமாக அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்த அந்த மூன்று பேரும் போய்விடுவார்கள். “அண்ணை, ஒருக்கா நீங்களே மிதிச்சுக் கேட்டுப்போட்டு அறுங்கோ” என்று கையைப் பிடித்தேன். “சரி, உந்த மிசினுக்குத் தாளம் தெரியாதெண்டு காட்டிறன்” என்று ஏறினார். இழுத்த நாடாவைப் பேனையால் சுற்றி உள்ளே விட்டுப் போட்டேன்.

ட்ரம் மிதித்துப் பழகிய கால். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பாட்டு அதன் சொந்த வேகத்தில் ஓடியது அன்றைக்குத்தான். இரும்புச் சத்தம் ட்ரம்மாகவே கேட்கவில்லை. றெஜி வேலைசெய்கிற தொழிற்சாலை தூரத்தில் கிடந்து இயங்கியதுபோல இருந்தது. பிறகு வழக்கம்போல எல்லாம் நின்றது. முடிந்துவிட்டது என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அண்ணையின் கால் நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் இந்த இடத்தில்தான் மற்ற மூவரும் கையை எடுப்பார்கள். அவர் தனியாக அடிப்பார். ஹாண்டிலை விட்டுவிட்டு, பக்கத்துக் கண்ணாடி அலுமாரியின் தலையில் இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினார். உள்ளே கசற்றுகள் குதித்தன. கடைசி அடி விழுந்த அதே கணத்தில் ரேப்பிலிருந்து கிற்றாரும் பேஸும் குரலும் ஒன்றாக உள்ளே வந்தன. தூக்கிய கையை அப்போதுதான் இறக்கினேன்.

கையும் காலும் ஓயாமல், கண்ணைத் துடைக்கவும் இல்லாமல், பாட்டு உண்மையிலேயே முடியும்வரை அவர் மிதித்தார். இறங்கியதும் என்னையல்ல, ரேப் ரெக்கோடரைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார். “எத்தினை வருசமாப் போச்சுது. அவங்களுக்கு என்ரை அடி இன்னும் பாடம், தம்பி.”

இந்தக் கதை ஊரில் பரவிய பிறகு என் கடையில் சத்தம் நின்றாலும் ஒருவரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. வெற்றுக் கசற் வாங்க வந்தவர்கள்கூட அதை இரண்டு பக்கமும் மிதித்து முடித்து, ஒன்றுமில்லை என்று சந்தேகம் தீர்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள்.