கடலடி டிக்கெட்: தேறுமா, தேறாதா?

கடலுக்கு அடியில் இருப்பதை விற்கிறவர் ஒருமுறையாவது நனைந்திருக்க வேண்டும் என்பது என் தொழில் விதி. யாரும் எனக்குச் சொல்லித் தந்த விதி இல்லை, அடிபட்டு நானே போட்டுக்கொண்டது.

தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில், ரயில் நிலையத்துக்கு எதிரில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் சிக்கன் பகோடா கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது. அதுதான் என் கடை. முன்பு ஒரு இரும்பு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே போட்டு, சென்னை டிராவல்ஸ் ஒன்றின் ஏஜென்சி எடுத்தேன். வேளாங்கண்ணி விற்றேன், திருப்பதி விற்றேன், ஊட்டி விற்றேன். அப்புறம் ஸ்கூபா விற்றேன். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்கிறார்களே, அது.

ஃபோட்டோவைப் பார்த்து டூர் பேக்கேஜ் வாங்கி, நேரில் போய் நெற்றியில் அடித்துக்கொண்ட சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். விற்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "இது கொடுக்கிற காசுக்குத் தேறாது, வேண்டாம்" என்று சொல்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதனால் ஏஜென்சிக்கே ஆபத்து வந்தது. சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

பன்னிரண்டு நிமிஷம்

ஏஜெண்டுகளுக்கு இடத்தைக் காட்டுகிறோம் என்று டிராவல்ஸ் கம்பெனி எங்களில் எட்டுப் பேரை அந்தமானுக்கு அழைத்துப் போனது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிய வேண்டாம், பயிற்சியாளர் பிடித்துக்கொள்வார் என்றார்கள். கறுப்பு ரப்பர் சட்டைக்குள் என்னைத் திணிக்கவே இரண்டு பெண்கள் தேவைப்பட்டார்கள். மூக்கை மூடும் கண்ணாடி, வாயில் குழாய், இடுப்பில் ஈயக்கட்டி. இவ்வளவையும் மாட்டிவிட்டு, "ரிலாக்ஸ் மேடம்" என்று ஒருவர் சொன்னார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் உள்ளே போனேன், பன்னிரண்டு நிமிஷம் இருந்தேன். காது வலித்தது, சொல்லிக் கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதினேன், வலி போனது. பதினெட்டு வருஷம் இரும்பு உருட்டுகிற ரோலிங் மில் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அங்கே என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. மஞ்சளும் நீலமுமாக ஒரு மீன் கூட்டம் என் முகத்துக்கு நேராக வந்து, என்னைப் பொருட்படுத்தாமல் இரண்டாகப் பிரிந்து போனது. கண்ணாடிக்குள்ளேயே அழுதுவிட்டேன். இதை எங்கள் ஊர் ஆட்கள் ஏன் பார்க்கக் கூடாது என்ற கோபமும் அந்த அழுகையில் இருந்தது.

மேலே வந்து படகில் உட்கார்ந்து, இதைக் கும்மிடிப்பூண்டியில் விற்கப் போகிறேன் என்றேன். சென்னையிலிருந்து வந்த சக ஏஜெண்ட் ஒருவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஏரியாவுல இதை யார் வாங்குவாங்க மேடம்? வேளாங்கண்ணிக்கு பஸ் போடுங்க, போதும்."

கிணற்றுக்காரர் பார்த்த காட்சி

வாங்கினார்கள். முதல் வருஷமே வாங்கினார்கள். எங்கள் ஊரில் விலையை ரூபாயில் சொன்னால் ஏறாது, எத்தனை ஓ.டி., அதாவது எத்தனை நாள் ஓவர்டைம் கூலி என்று சொல்ல வேண்டும். அந்தமான் என்றால் முப்பது ஓ.டி. புதுச்சேரிக் கடல் என்றால் ஐந்து. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வாசலிலேயே நின்று விரல் விட்டு எண்ணிவிட்டு உள்ளே வருவார்கள்.

அப்போதுதான் கம்பெனி ஒரு புதுத் தீவைக் கொண்டுவந்தது. பெயர் வேண்டாம். நாற்பது ஓ.டி. விலை, விளம்பர அட்டையில் ஆமை படம். நான் அங்கே இறங்கியதில்லை. இருந்தாலும் விற்றேன், அது என் தப்பு. வாங்கியவர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் பயிர் வைக்கிற முனிரத்தினம். அகலமான கிணறு உள்ளவர், அறுபது வயதிலும் அதில் தலைகீழாகக் குதிக்கிறவர். அறுவடை முடிந்த கையோடு மகனையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவர் என் எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யம்மா, அத்தினி டப்பு கட்டி உள்ள எறங்குனேன். கண்ணுக்குத் தெரிஞ்சது இந்தக் கை ஒண்ணுதான். இது எங்க ஊட்லயே கீதுமா."

மூன்று கேள்வி

மறுநாள் ஜோசப்பைக் கூப்பிட்டேன். ஜோசப் என் சித்தி மகன். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற டைவர். இதுவே அவனுக்குப் பிழைப்பு. ஒரு இடம் தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

மூன்று கேள்வி கேட்கச் சொன்னான். தலை தண்ணீருக்குள் இருக்கப் போவது எத்தனை நிமிஷம்? நாம் போகிற மாசத்தில் அந்தத் தண்ணீரில் எத்தனை அடி தூரம் கண் தெரியும்? ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைப் பிடித்துக்கொள்வார்? படகில் போகிற நேரம், ஜூஸ் குடிக்கிற நேரம், ஃபோட்டோ எடுக்கிற நேரம் எதுவும் கணக்கில் வராது. நான் பேப்பரில் எழுதிக்கொண்டு, எல்லா இடத்துக்கும் போன் போட்டேன். ஒழுங்கான டைவிங் பள்ளிகள் பட்டென்று பதில் சொன்னார்கள். "மழை முடியட்டும் மேடம், இப்போ ஆளை அனுப்பாதீங்க" என்று வியாபாரத்தைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அந்தப் புதுத் தீவில் மட்டும் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது: "சூப்பரா இருக்கும் மேடம்."

ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டினேன். இடத்தின் பெயர், எத்தனை ஓ.டி., அதற்கு நேராகத் தேறும் அல்லது தேறாது. புதுத் தீவுக்கு நேராகத் தேறாது என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதை நின்று படித்த ஜோசப் சொன்னான்: "எங்க தண்ணில கண்ண மூடிக்கினாலும் தொறந்தாலும் ஒரே இருட்டுதான்க்கா. அதுல எறங்கறதுக்கு எனக்குக் கூலி குடுக்கறாங்க. இந்தத் தீவுக்காரன் அதே இருட்டுக்கு ஜனங்களாண்ட கூலி வாங்கறான்."

மூச்சை விடாத ஆபரேட்டர்

எல்லாத் தப்பும் கடலின் தப்பு இல்லை. கெமிக்கல் யூனிட் ஒன்றில் ஆபரேட்டரான சேகரை, பலகையில் தேறும் என்று நான் எழுதிய இடத்துக்கே அனுப்பினேன். நாலே நிமிஷத்தில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். பயிற்சியாளர் எனக்குப் போன் போட்டுத் திட்டினார். கடலுக்கு அடியில் முதல் விதியே மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்கே ஆபத்து. நம் ஆளோ கண்ணாடியை மாட்டியதும் கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தவர், எவ்வளவு ஜாடை காட்டியும் விடவில்லையாம்.

ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. ஐந்து ஓ.டி. போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அவமானம்தான் பெரிதாக இருந்தது. ஏன் சேகர், அங்கே சொல்லிக் கொடுத்தார்களே என்று கேட்டேன். "பதினாலு வருஷமா எங்க பிளாண்ட்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க? கேஸ் லீக்காயி மாஸ்க் மூஞ்சில ஏறிச்சின்னா மூச்ச புடிச்சிக்கினு, காத்து வர்ற பக்கமா பார்த்து ஓடணும்னுதான? கடலுக்குள்ள காத்து எந்தப் பக்கம் வருதுன்னு தேடிக்கினு கீறேன், அதுக்குள்ள தூக்கிக்கினு வந்துட்டாங்கக்கா."

துணி கிளிப்

அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. இது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பழக்கம். வாடை அடித்தால் நாங்கள் முதலில் மூச்சைத்தான் பிடிப்போம். மறுநாள் கொடியில் துணி மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப் ஒரு டஜன் வாங்கினேன். ஸ்கூபா டிக்கெட் கேட்கிறவர்கள் மூக்கில் கிளிப் போட்டுக்கொண்டு, என் கடை நாற்காலியில் பத்து நிமிஷம் வாயால் நிதானமாக மூச்சு விட வேண்டும். நடுவில் அடக்கினாலோ கிளிப்பைக் கழற்றினாலோ மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிஷம் தாண்டினால்தான் டிக்கெட். சேகர் மூன்று நாள் வந்து உட்கார்ந்து பழகினார். அடுத்த மாசம் அதே கடலில் இருபது நிமிஷம் இருந்துவிட்டு வந்தார். ரோட்டில் போகிறவர்கள் இது மூக்கு ஆஸ்பத்திரியா என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

மல்லிகா முதல் தடவையிலேயே தாண்டினாள். பேக்கிங் லைனில் நின்று வேலை செய்கிறவள், சம்பளத்தில் சேர்த்து வைத்து அந்தமான் போனாள். வந்த வாரமே அவள் வீட்டுக்காரர் அவளையும் இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, "தோடு எடுத்துக்கலாம் அந்தக் காசுல! ஒரு பொம்பளைய தண்ணில எறக்கி ஏமாத்திக்கீற நீ" என்று பகோடா கடை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா அவர் பக்கம் திரும்பினாள்: "தோடு எடுத்தா நீ அடகு வெப்ப. செயின அப்படித்தான வெச்ச? நான் பார்த்த மீன எந்தக் கடையில வெப்ப, சொல்லு!"

பலகையும் போர்டும்

கரும்பலகையை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட, அது சென்னை வரை போய்ச் சேர்ந்தது. ஏரியா மேனேஜர் இரண்டு முறை போனில் எச்சரித்தார். மூன்றாவது முறை, ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரிலேயே வந்துவிட்டார். அப்போது கடையில் ஒரு ரோலிங் மில்லைச் சேர்ந்த நாலு பேர் வரிசையாக, மூக்கில் கிளிப்போடு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வாசலிலேயே நின்று ஒவ்வொரு மூக்காகப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நம்ம பேக்கேஜையே தேறாதுன்னு நம்ம ஏஜெண்டே எழுதுவாங்களா? இந்தப் பலகையை இப்பவே எடுங்க. இல்லேன்னா ஏஜென்சியை நாங்க எடுத்துடுவோம்" என்றார்.

பயமில்லை என்று சொன்னால் பொய். என்னிடம் இருந்ததெல்லாம் அந்தக் கடைதான். "அந்தத் தீவுக்கு நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். போயிருக்கிறேன் என்றார். "தண்ணிக்குள்ள?" அதற்கு அவர், "நான் எதுக்கு இறங்கணும்? ரிசார்ட் நல்லா இருந்துச்சு" என்றார். டப்பாவிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பத்து நிமிஷம் உட்காருங்க சார். டிக்கெட் போட்டுத் தர்றேன். இறங்கிப் பார்த்துட்டு வந்து, உங்க கையைத் தவிர வேற என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. நானே அழிச்சுடுறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மேனேஜர் கிளிப்பைத் தொடவில்லை. கம்பெனி பெயர் போட்டிருந்த வாசல் போர்டைக் காட்டி, "அப்போ திங்கட்கிழமை அது இருக்காது. அது இல்லாம இந்தக் கடைக்குள்ள எவன் வருவான்னு பார்க்கிறேன்" என்றார். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் ஏழுமலை, இரும்பு காய்ச்சும் ஃபர்னஸில் வேலை பார்க்கிறவர். அவருக்கு எட்டு நிமிஷம் முடிந்திருந்தது. கழற்றினால் மறுபடி முதலிலிருந்து என்று அவருக்குத் தெரியும். நிதானமாக மூக்கிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தொடை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "போர்ட தாராளமா எடுத்துக்கினு போ சார். நாங்க அந்தப் பலகையப் படிச்சிட்டுத்தான் உள்ள வந்தோம்."

திங்கட்கிழமை சொன்னபடியே ஆட்கள் வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது டைவிங் பள்ளிகளிடம் நானே நேராகப் பேசி டிக்கெட் போடுகிறேன். கடைக்கு அடையாளம் கேட்கிறவர்களிடம், "மூக்குல கிளிப் போட்டுக்கினு நாலு பேர் குந்திக்கினு இருப்பாங்க, அதான் கடை" என்று பகோடா கடைக்காரர் வழி சொல்லி அனுப்புகிறார்.