எங்கள் வீட்டுக்கு ஒரே மூக்கு

என் வீட்டுக்காரருக்கு மூக்கு இருக்கிறது, வாசனைதான் தெரியாது. கார் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து ஓரம் தெரியவில்லை என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்பிரே பிடிப்பார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? வருஷக்கணக்கில் அந்தப் புகையை இழுத்து இழுத்து மூக்கு செத்தேபோனது. பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'கலர் அண்ணன்'. எந்த வண்டியின் பழைய நிறத்தையும் வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே கலந்துவிடுவார். வீட்டில் மட்டும், பால் கெட்டுப்போனதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

அதனால் எங்கள் வீட்டில் மோந்து பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. காலையில் சட்டையைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"இன்னிக்கும் போடலாமா, பாத்து சொல்லு."

கை வேலையாக இருக்கும், எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "துவைக்கப் போடுங்க."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்தும் இதே சட்டைதானே நீட்டினீங்க."

சிரித்துக்கொண்டே அதையே மாட்டிக்கொண்டு போய்விடுவார். வாசனை தெரியாததை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "சாக்கடை அடைச்சா கஷ்டம் உனக்குதான், நான் ராஜா" என்பார்.

புயலில் தண்ணீர் வாசற்படி ஏறியதும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு என் நாத்தனார் வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். நாத்தனார் தங்கமானவள், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் போடுவதை டீ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று சேதி வந்ததுமே நான் பையை எடுத்துவிட்டேன். "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா உனக்கு நான் டீ போட்டுத் தரேன்" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

தெருமுனையில் மின்கம்பி அறுந்து கிடந்தது. அதன் பக்கமே விடாமல் என்னைச் சுற்றுவழியில் கூட்டிவந்தார். வீட்டுக்கு எதிரே வந்ததும், சாலையின் இந்தப் பக்கமே என்னை நிறுத்திவிட்டார்.

"நான் உள்ள போய் பாத்துட்டுக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் இங்கேருந்து அசையக் கூடாது."

"என் வீட்டுக்குள்ள போக எனக்கு பர்மிஷனா?"

"சுவரெல்லாம் ஊறிப் போயிருக்கும். பாம்பு கீம்பு கிடக்கும். ஒருதடவையாவது சொன்னா கேளேன்."

பட்டறை பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு போனார். வெளிச்சுவரில் மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கிறதா என்று பார்த்தார். சுவரில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று தடவினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கதவைத் திறந்து, சேற்றைக் கம்பால் குத்திக் குத்தி ஒவ்வோர் அடியாக உள்ளே போனார். மாஸ்க் போடச் சொன்னால் மல்லுக்கு நிற்கிற மனுஷனா இது என்று இருந்தது எனக்கு. பெருமையாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டில் தண்ணீர் இறைக்கிற டீசல் பம்பு காதைப் பிளந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் திறந்தது. கம்பிக்குப் பின்னால் முகமெல்லாம் சிரிப்பாக அவர்.

"எல்லாம் நல்லா இருக்கு. சிலிண்டர் உருண்டு கிடந்துச்சு, நிமித்தி மாட்டித் தெறந்துட்டேன். லைட்டர்தான் நனைஞ்சு போச்சு, எத்தனை தடவை அமுக்கினாலும் பத்தல. பையில தீப்பெட்டி இருக்குல்ல, கொண்டா."

அந்த லைட்டர் மட்டும் நனையாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போய், ஜன்னல் வழியே நீட்டினேன். வாங்கி ஒரு குச்சியை எடுத்தார். அப்போதுதான் அந்த நாற்றம் குப்பென்று என் முகத்தில் அடித்தது.

கம்பிக்குள் இரண்டு கைகளையும் விட்டு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "என்ன இது, தெருவுல எல்லாரும் பாக்குறாங்க."

"கேஸ்."

பம்பு சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?"

"கேஸ் கசியுதுங்க. வீடு முழுக்க."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. குச்சியையும் பெட்டியையும் மெல்ல என் உள்ளங்கையில் வைத்தார்.

"சிலிண்டரை மூடிட்டு, வேற எதையும் தொடாம வெளிய வாங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவர் கையை விட என்னால் முடியவில்லை.

"விட்டாதானே மூட முடியும்" என்றார் மெதுவாக. "நீ எதிர்ப்பக்கம் போ."

கையை விட்டேன். போகவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க? அவர் ரெகுலேட்டரைத் திருகி மூடுவதையும், பின்கதவைத் தள்ளித் திறப்பதையும், திரும்பி வாசலுக்கு வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் சேர்ந்த பிறகுதான் விட்டார். அங்கிருந்தே கையைக் காட்டி, கத்தி, பம்பையும் நிறுத்தச் சொன்னார்.

தண்ணீரில் ஊறிய டியூப் ஓரிடத்தில் வெடித்திருக்கிறது என்று பிறகு வந்த கேஸ்காரர் சொன்னார். அவர் வரும்வரை நாங்கள் உள்ளே போகவில்லை. சாலையோரம் எங்கள் துணிப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டார் இவர். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. மாஸ்க்கில் ஆரம்பித்து நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடுவது என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"உன்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நானே கூப்பிட்டேனே" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. தான் உள்ளே நின்றதைப் பற்றி அந்த மனுஷனுக்கு ஒரு நினைப்பும் இல்லை.

கேட்க நினைத்தது எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன்.

"கூப்பிட்டதாலதானே வந்தேன். கூப்பிடாம இருந்திருந்தா?"