திரும்பி வர ஒரு பல்சக்கரம்

எனக்கென்று கிடைப்பது காலையில் இரண்டரை மணி நேரம். ஐந்தரைக்கு அப்பாவைச் சுத்தம் செய்து, புரட்டிப் படுக்கவைத்து, காபி கொடுத்தால் தூங்கிவிடுவார். எட்டு மணிக்கு நான் கட்டிலருகே இருந்தாக வேண்டும். பக்கவாதத்தில் அவர் படுத்தாரே தவிர, மருமகள் கை மேலே படக்கூடாது என்ற வைராக்கியம் படுக்கவில்லை. ஆள் வைத்துப் பார்த்தோம், இரண்டே நாளில் திட்டித் துரத்திவிட்டார். சிங்கப்பூரிலிருந்து அண்ணன், "நல்லா பாத்துக்கடா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேரத்தை நீட்ட முடியாது, தூரத்தை நீட்டலாம் என்றுதான் ஒரு நல்ல சைக்கிள் வாங்க நினைத்தேன். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடலைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

தஞ்சாவூரில் இருக்கும் சைக்கிள் கடைக்கு நேரில் போக ஏது வழி? அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து போனில்தான் தேர்ந்தெடுத்தேன். எட்டு கிலோ சைக்கிள். ஸ்டாண்டு வேண்டாம், மணி வேண்டாம். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களில் மட்டும் கடைக்காரரோடு வாக்குவாதம். பெரியதற்குப் பல் கூடினால் மிதிப்பது லேசு, ஆனால் எடை கூடும்.

"முப்பத்திரண்டு பல் போட்டுக்குங்க சார்."

"எதுக்குங்க? நம்ம பக்கம் மேடுன்னா ரயில்வே மேம்பாலந்தான். இருபத்தஞ்சே போதும்."

"அதுக்கில்ல சார்..." என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காது கொடுக்கவில்லை. வரப்பு மட்டம் பார்த்துத் தண்ணீர் விடுகிற எனக்கு இவர் மேடு பள்ளம் சொல்லித்தருவதா என்ற நினைப்பு.

ஆடியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன். இருபக்கமும் குறுவைப் பயிர் சாய்ந்து ஆட, சைக்கிள் பறந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கடல். இரண்டு நிமிடம் நின்றேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கால்களை நானே மெச்சிக்கொண்டேன். அதுவரை முதுகைத் தள்ளிவந்தது காற்று என்பது சைக்கிளைத் திருப்பிய பிறகுதான் உறைத்தது.

மேல்காற்று மூஞ்சியில் அறைந்தது. மறைவுக்கு ஒரு மரமில்லை. இருப்பதிலேயே லேசான கியருக்கு வந்தும் லீவரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், அதைவிடப் பெரிய பல்சக்கரம் இல்லை. பால் கேனோடு மொபெட்டில் வந்தவர், "என்னங்க, செயின் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வழியிலேயே எட்டு மணி ஆயிற்று. அழுகை வந்தது. காற்றின் மேல் வராத கோபம் அப்பா மேல் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டே முக்கால். அப்பாவின் அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். "உள்ளயே விட மாட்டேங்கறாங்க" என்றாள்.

அப்பா ஈரத்தில் கிடந்தார். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. வேட்டியை மாற்றினேன். பிறகு கோணிய வாயால் கேட்டார்.

"கடல் வரைக்கும் போனியா?"

போனில் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"போனேம்ப்பா."

"வர்றப்ப எதிர்க்காத்தா இருந்திருக்குமே."

திட்டியிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் மறுநாளே இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்தே கடைக்காரரைக் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு பல் அனுப்பச் சொன்னேன்.

"மலைக்குப் போறீங்களா சார்?"

"இல்லைங்க" என்றேன். அப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. "வீட்டுக்கு வர்றதுக்கு."