ஒரு மணிக்குக் கூப்பிடும் குரல்

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளக்கிற பகல் ஒரு மணிக்கு. அன்புக்கரசி என்னிடம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன்.

அன்புக்கரசி ஆத்தூர்க்காரி. கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் செழியனுக்குப் பழனி ரோட்டில் டைல்ஸ் கடை. வீட்டில் மாமனார் முருகேசன். மாமியார் பஞ்சவர்ணத்தை அவள் பார்த்ததே இல்லை; இவள் வாழ வருவதற்கு நாலு வருடம் முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. பழைய மியூசிக் சர்வர். 2010-இல் முருகேசன் சிங்கப்பூர் மச்சினனிடம் சொல்லி வரவழைத்தது. ஐந்து அறைக் கூரையிலும் ஸ்பீக்கர், ஒவ்வொரு சுவரிலும் ஒரு பட்டன் பலகை. தன்னிடம் இருந்த கேசட், சிடி எல்லாவற்றையும் மனுஷன் இரண்டு வருடம் உட்கார்ந்து அதில் ஏற்றினார். ஆறாயிரம் பாட்டு! இப்போது போனிலேயே எல்லாம் கிடைக்கிறது, சரிதான். ஆனால் ஹாலில் பாதி கேட்ட பாட்டை, அடுப்படியில் ஒரு பட்டனைத் தட்டி, விட்ட இடத்திலிருந்து கேட்கிற சுகம் இருக்கிறதே, அது தனி. அன்புக்கரசி அதில் மயங்கித்தான் போனாள். வீடு முழுக்க ஒரே பாட்டு ஓடும்போது ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிப்பதுகூட அவளுக்கு அலுக்கவில்லை.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் தெரியும். அடுப்படிப் பலகையில் மைக் இருந்தது. அதில் பேசிப் பதிந்து நேரம் குறித்துவிட்டால், தினமும் அந்த நேரத்துக்கு எல்லா அறையிலும் அதுவே பேசும். மாடிக்கும் கீழுக்கும் கத்திச் சலித்த பஞ்சவர்ணம் ஒரு நாள் பேசிப் பதிந்துவிட்டார்.

“ஏங்க... செழியா... சோறு ஆறுது.”

அவர் செத்த பிறகும் அதை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. தினமும் பகல் ஒரு மணிக்கு வீடு முழுக்கக் கேட்கும்.

அதுகூடப் பரவாயில்லை. மாமனார் அதற்குப் பதில் சொல்வார், “வாரேன்” என்று. சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்தால் செழியனும், “வாரேன்ம்மா” என்பான். அன்புக்கரசிக்குத் திக்கென்று இருக்கும். அவள் ஊரில், ஆள் தெரியாமல் கேட்கிற முதல் குரலுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் பதில். இருட்டுக்கு மட்டுமில்லை, உச்சிப்பொழுதுக்கும் அதே கணக்குதான்.

“பதில் சொல்லாதீங்க மாமா.”

“அவ கூப்ட்டு நான் போகாம இருந்ததில்லத்தா.”

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு மணிக்குக் குரல் கேட்டது. மாமனார் தன் அறையிலிருந்து “வாரேன்” என்றார். வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உடம்பு மட்டும் கிடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை பெட்டியை அணைத்து வைத்தார்கள். பதினேழாம் நாள் செழியன் மறுபடி போட்டான். மணி ஒன்று.

“செழியா... சோறு ஆறுது.”

அவ்வளவுதான். “ஏங்க” இல்லை.

“டிஸ்க்கு ரொம்பப் பழசு அன்பு. கொஞ்சம் அழிஞ்சிருக்கும்” என்றான் செழியன். பிறகு கூரையைப் பார்த்து “வாரேன்ம்மா” என்றான்.

அன்று இரண்டு வாயோடு எழுந்துவிட்டான். வயிறு நிறைந்திருக்கிறதாம். மறுநாள் ஒரு வாய். அதற்கு மறுநாள் தட்டைத் தொடவே இல்லை. மூன்று வாரத்தில் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

அன்புக்கரசி அந்தக் குரலைக் கவனிக்க ஆரம்பித்தாள். முன்பு ஐந்து அறையிலும் கேட்டது, இப்போது செழியன் எந்த அறையில் இருக்கிறானோ அங்கே மட்டும் கேட்டது. குரலுக்குப் பின்னால், கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம். ஒரு நாள் அதோடு சேர்ந்து ஓர் இருமல்... மாமனாரின் இருமல்.

அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கினாள். செழியன் அதைத் திரும்பச் சொருகிவிட்டு அழுதான்.

“அம்மா கொரலு இது ஒண்ணுதான்டி இருக்கு.”

அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் விட, இந்த மனுஷன் நமக்கு இல்லாமல் போய்விடுவான் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. பெட்டிக்கு இன்வெர்ட்டர் இணைப்பும் கிடையாது. இன்று ஒரு நாளாவது சாப்பிடுவான் என்று, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கடைக்குப் போகாமல் செழியன் மாடியில் படுத்திருந்தான்.

12.58. தட்டில் சோறு போட்டாள்.

1.00. சத்தமில்லை.

1.03. ஒன்றுமில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

1.05...

மாடியிலிருந்து செழியனின் குரல்.

“வாரேன்ம்மா.”

தட்டோடு படியேறி ஓடினாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண் கூரை ஸ்பீக்கரில் இருந்தது. மடியில் வலது கை... விரல்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தன.

மடியில் சோறே இல்லை.

“ஏங்க.”

திரும்பவில்லை.

கை வாய்க்குப் போனது. மென்றான். விழுங்கினான்.

மறுபடி பிசைந்தான்.

உதடு நீலம் பாரித்திருந்தது...

அவள் ஒரு கவளத்தை உருட்டி அவன் வாயில் திணித்தாள். கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

“அத்தை, இவரு வரமாட்டாரு. நான் சோறு போட்டுட்டேன்.”

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ, அவளுக்கே தெரியாது. செழியன் இருமினான். வாயிலிருந்த சோற்றை மெல்ல விழுங்கினான்.

“பசிக்குது அன்பு.”

ஓவென்று அழுதபடியே தட்டு முழுவதையும் ஊட்டினாள்.

அன்றே பிளக்கைப் பிடுங்கினாள்; இந்தத் தடவை செழியன் திரும்பச் சொருகவில்லை. மூன்றாம் நாள் அவனே ராபினை வரச்சொன்னான். ராபின் பேகம்பூர் பக்கம் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன். பாட்டை மட்டும் பென் டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொல்லிப் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனான். அதற்குள் செழியன் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, கடைக்கும் போய்விட்டான். அன்புக்கரசிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை காலை ராபின் லேப்டாப்போடு வந்தான். முகம் சரியில்லை.

“பாட்டு பூராம் இருக்குக்கா. தினம் கூப்பிடுற பதிவு ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

“எங்க அத்தை பேசுனது. செழியான்னு வரும்.”

“அப்படி எதுவும் இல்லக்கா. இது உங்க கொரலு மாதிரி இருக்கு.”

அவள் ஒரு நாளும் அந்த மைக்கில் பேசியதில்லை. ராபின் தேதியைக் காட்டினான். செவ்வாய்க்கிழமை. பகல் 1.06. ஊரிலேயே கரண்ட் இல்லாத நேரம்.

ராபின் அதை ஓடவிட்டான்.

“அத்தை, இவரு வரமாட்டாரு. நான் சோறு போட்டுட்டேன்.”

பிறகு மூன்று விநாடி ஒன்றுமில்லை. கரண்டி சட்டியில் உரசியது.

“இதுக்கப்புறம் பேசுறது யாருக்கா?” என்றான் ராபின்.

இன்னொரு பெண்ணின் குரல். மைக்குக்கு மிகப் பக்கத்தில். கோபமே இல்லாமல்.

“சரி அன்பு... அப்ப நீ வா.”