கூடாரத்துக்குள் ஏற்றிய விளக்கு

போன தை மாதம், கோலார் போகும் வழியில் ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில் நடந்தது இது. நாங்கள் பெங்களூரு ஜீவனஹள்ளியில் இருக்கிறோம். என் பையன் கம்பெனி நண்பர்களோடு மலை ஏற வாங்கிய கூடாரம் பரண்மேல் கிடந்தது. வெயிலில் போட மாடியில் விரித்து நிறுத்தியபோது, சும்மா உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன். குக்கர் சத்தம் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் தனியாக இருந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு ராத்திரி இதில் தங்கணும் என்று ஆசை விழுந்துவிட்டது.

வீட்டில் சொன்னதும் சிரித்தார்கள். கொழுந்தனார்தான் ரொம்பப் பேசினார். "பொம்பள தனியா காட்டுல படுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க அண்ணி?" என்றார்.

"ஊர் எல்லையில மாரியாத்தா தனியாதான் உக்காந்திருக்கா. அவளை யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

இருட்டியதும் பயந்து போன் பண்ணுவேன், அவர்தான் காரில் வந்து கூட்டிப் போகணும் என்று பந்தயமே கட்டினார். அப்படி ஒரு போன் மட்டும் நான் பண்ணிவிட்டால், இனி இந்த வீட்டில் நான் எதற்குமே தனியாகக் கிளம்ப முடியாது. அது எனக்குத் தெரியும்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. கூடாரம் போடவென்றே இடம் விடுகிற தோட்டம் அது. காவலுக்கு ஒரு கன்னடக்காரக் கணவன் மனைவி அங்கேயே குடியிருந்தார்கள். போகிற இடம், திரும்புகிற நேரம் எல்லாம் பையனிடம் சொல்லிவிட்டேன். டார்ச், போர்வை, தண்ணீர் எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "ஒப்பரேனா?" என்று கேட்டார். ஆமாம், நான் ஒருத்திதான் என்றேன். கூடாரத்துக்குள் நெருப்பு கூடாது என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டினேன். அடுப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சாமி விளக்கை நெருப்பு என்று யார் நினைப்பார்கள்?

பொழுது சாய்ந்தது. விளக்கு வைக்கிற நேரம். வெளியே ஏற்றினால் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு இதுதானே என் வீடு, வீட்டுக்குள்தானே விளக்கு எரியணும் என்று அகலை உள்ளே வைத்து ஏற்றினேன். விபூதி எடுக்கத் திரும்பினேன். காற்றில் கூடாரத்தின் பக்கவாட்டுத் துணி உள்ளே அழுந்தி, சுடரைத் தொட்டுவிட்டது. அது புடவைபோல எரியவில்லை. சுருங்கி, உருகிச் சொட்டியது. தண்ணீரை அப்படியே ஊற்றினேன். அணைந்துவிட்டது. விரலில் ஒரு கொப்புளம், துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஜிப் மூடியிருந்து, நான் தூங்கியும் போயிருந்தால்? மாரியாத்தா காப்பாற்றினாள்.

காவல்கார அம்மா ஓடிவந்து நன்றாகத் திட்டினார். அப்புறம் விரலுக்கு மருந்து போட்டு, தன் வீட்டிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்ன அண்ணி, வண்டியை எடுக்கட்டுமா?"

அவர் குரலில் இருந்த சிரிப்பைக் கேட்டதும் என் பயம் போய்விட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"விளக்கு பட்டு கூடாரத்துல ஓட்டை விழுந்துடுச்சு. நான் நல்லா இருக்கேன். ஓட்டை வழியா நட்சத்திரம் தெரியுது. காலையில பஸ்ஸுல வர்றேன்."

அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி, கூடாரத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டு, எட்ட இருந்த பாறை இடுக்கில் விளக்கை மறுபடி ஏற்றினேன். சுற்றிலும் கல் வைத்ததும் சுடர் நிமிர்ந்து நின்றது. கும்பிட்டு, அது அணைந்தபின் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தேன். குளிர்தான். ஆனாலும் குருவிச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன்.

அந்த ஓட்டையைப் பழைய பட்டுப்புடவைத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கொழுந்தனார் அதைக் காட்டிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மாசி பிறந்ததும் அதே கூடாரத்தோடு மறுபடியும் போய்வந்தேன். தப்பு செய்தால் திருத்திக்கொள், அதற்காகப் பாதியில் திரும்பாதே என்றுதான் அந்தப் பட்டு ஒட்டு இன்றைக்கும் எனக்குச் சொல்கிறது.